பழைய ஸ்டீரியோ ரிசீவர்: சுவிட்ச், வால்யூம், டோன் கண்ட்ரோல்களுக்கு மறுவாழ்வு – முழுமையான வழிகாட்டி

வால்யூமைத் திருப்பினால் கரகர. இடப்பக்க ஸ்பீக்கர் திடீரென ஊமையாகும். முன்பலகையில் ஒரு தட்டு தட்டினால் மறுபடி பேசும். டேப் மானிட்டர் (டேப் ரெக்கார்டரின் ஒலியைக் கேட்க மாற்றும்) பட்டனைத் தொட்டதும் இரண்டு பக்கமும் போய்விடும். 1970-களில் வந்த மராண்ட்ஸ், பயனியர், சான்சுயி, கென்வுட், யமஹா என்று எந்த ரிசீவரை எடுத்தாலும், பல வருடம் சும்மா கிடந்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் எந்த உதிரியும் செத்திருக்காது. தொடுமுனைகளில் கறுப்புப் படிந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சுவிட்சின் தொடுமுனைகளுக்கு வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் அதில் பட்டு சில்வர் சல்பைடு படலமாகின்றன. பெரிய மின்னோட்டம் போகும் இடத்தில் இந்தப் படலம் தானே உடைந்துவிடும். ஆனால் ரிசீவரின் உள்ளே ஓடும் சிக்னல் மிகச் சிறியது: ஃபோனோ உள்ளீட்டில் இரண்டு மூன்று மில்லிவோல்ட், டேப் மானிட்டர் வழியாகப் போவது 150 மில்லிவோல்ட் அளவில். படலத்தைத் துளைக்க அதற்குத் தெம்பு கிடையாது. அதனால்தான் யாரும் தொடாத டேப் மானிட்டர் சுவிட்ச் முதலில் கெடுகிறது. பாட்டு முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அதை அழுத்தத்தான் ஆளில்லை.

வால்யூம், பாலன்ஸ், டோன் கண்ட்ரோல்களின் கதை வேறு. அவை பாட் எனப்படும் பொட்டென்ஷியோமீட்டர்கள். உள்ளே கார்பன் தடம் ஒன்று, அதன்மேல் ஊரும் உலோக விரல் ஒன்று. தூசி, உலர்ந்து பிசினாகிப்போன கிரீஸ், தேய்ந்து விழுந்த கார்பன் தூள் எல்லாம் விரலுக்கடியில் சேரும்போது கரகரப்பு வருகிறது. சுவிட்சுக்கு ஒரு மருந்து, பாட்டுக்கு வேறு மருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு.

திறக்கும் முன் கண்டுபிடியுங்கள்

மூடியைக் கழற்றும் அவசரம் வேண்டாம். வால்யூமைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு கண்ட்ரோலையும் தனித்தனியாக அசைத்துக் கேளுங்கள். கேட்டதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பும்போது மட்டும் கரகரத்து, கையை எடுத்ததும் அடங்கினால் அந்தப் பாட் அழுக்கு. திருப்பாமலே ஒரு சேனல் வந்து வந்து போனால் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள்: டேப் மானிட்டர், மோட் (மோனோ/ஸ்டீரியோ), சோர்ஸ் செலக்டர், ஸ்பீக்கர் செலக்டர் என்ற வரிசையில். குறைந்த ஒலியில் ஒரு சேனல் காணாமல்போய், வால்யூமை ஏற்றியதும் பட்டென்று வந்து ஒட்டிக்கொண்டால் ஸ்பீக்கர் சுவிட்ச் அல்லது பாதுகாப்பு ரிலே (ஸ்பீக்கரைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). மேலே சொன்ன படலம் உடைகிற கதைதான் அது.

பின்பக்கத்தில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இரண்டு ஜோடி ஜாக்குகள் இருந்தால் வேலை இன்னும் எளிது. ரிசீவரை அணைத்து, அவற்றின் இணைப்பை எடுத்துவிட்டு, ஒலி அளவைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு கருவியை மெயின் இன்னில் கொடுங்கள். அதன் ஒலியைச் சுழியத்தில் வைத்து மெல்ல ஏற்றுங்கள். ஏனென்றால் இங்கே ரிசீவரின் வால்யூம் வேலை செய்யாது. குறை அப்போதும் இருந்தால் ரிலே, ஸ்பீக்கர் சுவிட்ச், பவர் ஆம்ப் பக்கம் பாருங்கள். மறைந்துவிட்டால் முன்பக்கத்துச் சுவிட்சுகளும் பாட்களும்தான் காரணம். இணைப்புக் கம்பிகளே கறுத்துப்போயிருந்து சேனல் போவதும் உண்டு. அதை முதலில் துடைத்துப் பாருங்கள். மூடியைத் திறக்காமலே வேலை முடிந்துவிடலாம்.

மின்சாரம்

பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்கள். முன்பக்கத்துச் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே பெரிய டப்பா போல் நிற்கும் இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், பெரிய ரிசீவர்களில் 10,000 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேலும் இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அவற்றில் 40, 60 வோல்ட் நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள்: பொறி பறக்கும், முனை உருகும். 220 ஓம், 5 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு பக்கமும் காப்பிட்ட கிளிப் மாட்டி, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் முனைகளுக்கும் குறுக்கே 15 நொடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கையை உள்ளே விட வேண்டும்.

எது வேண்டும்

சுவிட்சுக்கு, ஆக்சைடையும் சல்பைடையும் கரைத்து மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும் கான்டாக்ட் கிளீனர். டிஆக்ஸிட் டி5 இந்த வகை. கார்பன் தடமுள்ள பாட்களுக்கு, மசகு கூடுதலாக உள்ள ஃபேடர் வகை. அதே வரிசையில் எஃப்5. பாட்டில் டி5 அடித்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் அதற்கான மசகு அதில் இல்லை. டி5 அடித்தவர்கள் பின்னாலேயே சிறிது எஃப்5 கொடுப்பது அதனால்தான்.

இவற்றோடு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, மென்மையான பிரஷ், பல்குச்சி, தடித்த வெள்ளைத் தாள், உறிஞ்சும் காகிதம், மல்டிமீட்டர். 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருப்பதால் அது வேண்டாம்.

துருவைத் தளர்த்த விற்கும் சாதாரண டபிள்யூடி-40 இங்கே உதவாது. இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு அதன் எண்ணெய் தூசியை இழுத்துப் பிடிக்கும். அதே பெயரில் தனியாக வரும் கான்டாக்ட் கிளீனர் வேறு பொருள், அது பரவாயில்லை. மசகு எதுவும் விடாமல் பறந்துபோகும் ‘டிரை’ கிளீனரைப் பாட்டில் அடித்தால் சுத்தமாகும். கூடவே உள்ளிருந்த கிரீஸும் கழுவிப்போய்த் தடம் வறண்டு தேயும்.

இந்த ஸ்ப்ரேக்களில் பல தீப்பற்றக்கூடியவை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். சால்டரிங் அயர்ன் பக்கத்தில் சூடாக இருக்கக் கூடாது.

குமிழ்களைக் கழற்றுதல்

குமிழின் பக்கவாட்டில் சிறு துளை இருந்தால் உள்ளே திருகு இருக்கிறது, பெரும்பாலும் 1.5 அல்லது 2 மி.மீ. அறுகோணச் சாவி பொருந்தும். துளை இல்லாவிட்டால் அது அழுத்திப் பொருத்திய குமிழ். ஒரு மெல்லிய துணி நாடாவைக் குமிழுக்குப் பின்னால் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து நேராக முன்பக்கம் இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினிய முகப்பில் காலத்துக்கும் அழியாத வடு விழும். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரட்டைக் குமிழ்களில் முன்குமிழ் முதலில் வரும். நடுவே ஃபெல்ட் வளையம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

குமிழ்களைப் பாத்திரச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவிட்டு, மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் பள்ளங்களில் இருக்கும் கைப்பிசுக்கு வந்துவிடும். முகப்பை ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள். எழுத்துகளின்மேல் ஆல்கஹாலோ அமோனியா கலந்த கண்ணாடித் திரவமோ படக் கூடாது. டயல் கண்ணாடியின் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். அலைவரிசை எண்கள் அங்கேதான் அச்சாகியிருக்கும். பழைய மை வெறும் உலர்துணிக்கே உதிர்ந்துவிடும். ஆயிரம் சுவிட்சைச் சரிசெய்யலாம், அந்த எண்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பாட்களைச் சுத்தம் செய்தல்

பாட்டின் வட்ட உடலைப் பாருங்கள். சால்டர் கால்கள் வெளியே வரும் இடத்தில், கால்களுக்கு மேலே ஒரு சந்து இருக்கும். ஸ்ப்ரே குழாயின் நுனியை அங்கேதான் நுழைக்க வேண்டும். முன்னால் தண்டு வழியாக அடிக்காதீர்கள். குமிழைத் திருப்பும்போது கைக்குக் கிடைக்கும் அந்த வழவழப்பான கனத்துக்குத் தண்டைச் சுற்றியுள்ள கெட்டி கிரீஸ்தான் காரணம். அதைக் கழுவிவிட்டால் வால்யூம் காற்றாடி போலச் சுற்றும். பிறகு அந்தக் கனத்தைக் கொண்டுவர, பாட்டைப் பிரித்துப் புதிய டேம்பிங் கிரீஸ் வைக்க வேண்டியிருக்கும்.

1. ரிசீவரைச் சற்றே சாய்த்து, அதிகப்படியான திரவம் மற்ற போர்டுகளின்மேல் வழியாதபடி வையுங்கள். பாட்டுக்குக் கீழே உறிஞ்சும் காகிதம்.
2. அரை நொடிக்கு ஒரே ஒரு அழுத்தம். ஸ்டீரியோ பாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறைகள் இருக்கும். லவுட்னஸ் வசதிக்காக நான்கு வரைகூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு அழுத்தம்.
3. உடனே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 30 முறை திருப்புங்கள். அழுக்கை இடம்பெயர்ப்பது இந்தத் திருப்புதல்தான். திரவம் அதை ஏந்திக்கொண்டு போகிறது.
4. ஐந்து நிமிடம் விட்டு, வழிந்ததைத் துடைத்து, இன்னொரு அரை நொடி. இன்னொரு 30 முறை.

பாலன்ஸ் கண்ட்ரோலை நடுவிலேயே விட்டுவைப்பதால் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே கூடுதலாக அசையுங்கள்.

திருப்பவே முடியாத அளவுக்குத் தண்டு இறுகியிருந்தால் இடுக்கியால் முறுக்காதீர்கள். இறுகியது கிரீஸ்தான். ஹேர் டிரையரால் தண்டைச் சில நிமிடம் சூடாக்கி விரலால் மெல்ல அசைத்தால் விட்டுக்கொடுக்கும்.

சுவிட்சுகள்

முன்பக்கத்தில் நீங்கள் தள்ளும் லீவரோ பட்டனோ வெறும் கைப்பிடியாக இருக்கலாம். அசல் சுவிட்ச் உள்ளே போர்டில், நீளமான ஒரு பெட்டியாக உட்கார்ந்திருக்கும். நகரும் தண்டு பெட்டிக்குள் நுழையும் வாய்தான் வழி. குழாயை அந்த வாயில் வைத்து அரை நொடி அடித்து, 40, 50 முறை அழுத்தி எடுங்கள். பத்து முறை அழுத்திவிட்டு ‘சரியாகவில்லையே’ என்று இன்னும் ஸ்ப்ரேயைக் கொட்டுவதுதான் வழக்கம். கொட்ட வேண்டாம், அழுத்துங்கள்.

சோர்ஸ் செலக்டர், ஸ்பீக்கர் செலக்டர் போன்ற சுழல் சுவிட்சுகள் திறந்த வட்டுகளாக இருந்தால் ஸ்ப்ரேயே வேண்டாம். பழுப்பு நிற ஃபீனாலிக் வட்டு திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதில் தூசியும் சேர்ந்தால் காப்பு குறையும். நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்: வட்டின் ஓரமெங்கும் சிறு கவ்விகள் நிற்கும். ஒவ்வொரு கவ்விக்கும் இரண்டு உதடுகள். நடுவே சுழலும் தகட்டை அவை இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு கிளீனரை எடுத்து அந்த உதடுகளுக்கு நடுவே தொட்டு வையுங்கள். எல்லாக் கவ்விகளுக்கும் வைத்தபின் 30 முறை சுழற்றுங்கள். தகட்டில் கறுப்பாக வரும் கோட்டை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் எடுத்துவிட்டு, மறுபடி ஒரு சொட்டு. கவ்வியை வளைத்து ‘இறுக்கம் கூட்ட’ முயல வேண்டாம். பழைய உலோகம் ஒடிந்தால் மாற்றுச் சுவிட்ச் கிடைப்பது அரிது.

பவர் சுவிட்சை மட்டும் ஸ்ப்ரேயிலிருந்து தள்ளி வையுங்கள். அங்கே மின்வலை மின்சாரம் பொறியோடு வெட்டிச் சேர்கிறது; எரியும் திரவமும் எண்ணெயும் அங்கே வேண்டாம். அது கெட்டிருந்தால் மாற்றுவதுதான் வழி.

ஸ்ப்ரேக்கு மசியாத சுவிட்ச்

இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் சேனல் விட்டுவிட்டு வந்தால் சுவிட்சைக் கழற்றிப் பிரிக்க வேண்டியதுதான். பொறுமை வேலை, ஆனால் பலன் நிச்சயம். முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பழைய போர்டுகளில் செம்புத் தடம் சூட்டுக்குக் கழன்று வந்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்து, உறிஞ்சும் பம்பால் எடுங்கள். ஒரே காலில் மூன்று நொடிக்கு மேல் சூடு வேண்டாம். 20, 24 கால்கள் உள்ள சுவிட்சில் ஒன்று வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், அடுத்ததற்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

சுவிட்சின் உலோக மடிப்புகளை நிமிர்த்திப் பிரிக்கும் வேலையை ஒரு பெரிய ஒளிபுகும் பாலித்தீன் பைக்குள் கைகளை விட்டுச் செய்யுங்கள். உள்ளே அரிசி மணி அளவில் தாவும் துண்டுகள் இருக்கும். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பட்டன்களில், வளைந்த சிறு கம்பி ஒன்று ஸ்பிரிங்குடன் சேர்ந்து குதிக்கும். அது தொலைந்தால் பட்டன் நிற்காது.

கறுத்த தொடுதகடுகளைச் சுத்தம் செய்ய உப்புத்தாள் எடுக்காதீர்கள். வெள்ளி முலாம் மிக மெல்லியது. தேய்த்தால் அடியிலிருக்கும் பித்தளை வெளிப்படும், அது இன்னும் வேகமாகக் கெடும். இதற்கு ஒரு நல்ல வழி: கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சுடுநீர் ஒரு கப், சமையல் சோடா ஒரு மேசைக்கரண்டி போட்டு, தனியாகக் கழற்றிய உலோகத் துண்டுகளைத் தாளைத் தொடும்படி போடுங்கள். லேசாக அழுகிய முட்டை வாசனை வரும். கந்தகம் வெள்ளியை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். சில நிமிடங்களில் கறுப்பு மங்கி வெள்ளை திரும்பும். நன்றாக அலசி, ஆல்கஹாலில் ஒருமுறை முக்கி, உலரவிட்டு, கிளீனரின் மெல்லிய பூச்சோடு திரும்பப் பொருத்துங்கள். பெட்டியிலேயே பதிந்திருக்கும் கால்களை இப்படி முக்க முடியாது; கிளீனரில் நனைத்த தடித்த தாள் துண்டால் தேயுங்கள்.

தொடாமல் விட வேண்டியவை

டியூனர் பகுதியில் இருக்கும் காற்றுத்தகட்டு டியூனிங் கெப்பாசிட்டரில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தண்டைத் தொட்டு நிற்கும் பித்தளை விரல்கள் கறுத்திருந்தால் அவை தண்டைத் தொடும் இடத்துக்கு மட்டும் பல்குச்சியால் ஒரு சொட்டு. நிறம் பூசிய திருகுகளுடன் இருக்கும் சிறு உலோகப் பெட்டிகளைத் திருகவே கூடாது. அளவுக் கருவிகள் இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பவர் ஆம்ப் போர்டில் பயாஸ் (அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் சும்மா இருக்கும்போதும் ஓடும் மின்னோட்டம்), ஆஃப்செட் (ஸ்பீக்கர் முனையில் நிற்கும் டிசி) என்று குறித்த சிறு டிரிம்மர்கள், அதாவது குட்டிப் பாட்கள், இருக்கும். மின்சாரம் ஓடும்போது அவற்றைத் தொட்டு, உள்ளிருக்கும் உலோக விரல் ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பினால், பல வடிவமைப்புகளில் பயாஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரியும். சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால், மின்சாரம் இல்லாதபோது முனைகளுக்கிடையே ரெசிஸ்டன்ஸைக் குறித்துக்கொண்டு, சுத்தம் செய்து, அதே அளவுக்குத் திருப்பி வையுங்கள். பிறகு சர்வீஸ் மானுவல் சொல்லும் முறைப்படி பயாஸைச் சரிபார்க்க வேண்டும்.

கரகரப்பு திரும்பி வந்தால்

ஒரு வாரத்தில் அதே பாட் மறுபடி கரகரத்தால், ஸ்ப்ரே டப்பாவைக் கீழே வையுங்கள். பெரும்பாலும் பாட் சுத்தமாகத்தான் இருக்கும், அதன் வழியாக டிசி (ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம்) ஓடுகிறது. பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும், சிக்னலை விட்டு டிசியைத் தடுக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது. கார்பன் தடத்தில் டிசி நின்றால், விரல் நகரும்போது ஏற்படும் மிகச் சிறு தொடுதல் மாற்றம்கூடச் சத்தமாகிவிடும். எத்தனை முறை கழுவினாலும் தீராது.

கண்டுபிடிக்க, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப்பால் மாட்டி, ரிசீவரை இயக்கி, ஒரு கையை மட்டும் பயன்படுத்திப் பாட்டின் கால்களில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. பத்து, இருபது என்று ஏறினால் அந்த வழியில் உள்ள 1 முதல் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்குகளை மாற்றுங்கள்: அதே மதிப்பு, அதே அல்லது கூடுதல் வோல்ட், பிளஸ் மைனஸ் மாறாமல். 1 மைக்ரோஃபாரட் இடத்தில் இடம் போதுமானால் பாலியஸ்டர் ஃபிலிம் வகை போடலாம், அது கசியாது. செலக்டரைத் திருப்பும்போது ‘டப்’ என்று அடிப்பதும் பெரும்பாலும் இதே குடும்பத்து நோய்.

ரிலே

இயக்கிய சில நொடியில் ‘டிக்’ என்று கேட்குமே, அதுதான் பாதுகாப்பு ரிலே. மேல்மூடி கழலும் வகையென்றால், தபால் அட்டை அளவு தடிப்புள்ள தாள் துண்டைக் கிளீனரில் நனைத்து, முனைகளுக்கிடையே வைத்து, விரலால் லேசாக மூடிப்பிடித்து இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு வரும். அது வராமல் நிற்கும்வரை புதிய தாள். கடைசியில் உலர்ந்த தாள். முனைகளில் குழிவிழுந்திருந்தால் அரத்தால் தேய்க்காமல் ரிலேயையே மாற்றுங்கள். ரிலேயின் கம்பிச்சுருளுக்கான வோல்ட்டேஜ், அதன் ரெசிஸ்டன்ஸ், கால்களின் அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும்.

மறுபடி இயக்குதல்

ஸ்ப்ரே அடித்த அன்றே அவசரப்பட வேண்டாம்; ஓர் இரவு உலரட்டும். மறுநாள், ஸ்பீக்கர் எதுவும் இணைக்காமல், 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக மாட்டிய சீரிஸ் போர்டு வழியாக இயக்குங்கள். எல்.ஈ.டி. பல்பு இதற்குப் பயன்படாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உடனே அணையுங்கள்: எங்கோ ஷார்ட். பெரும்பாலும் சரியாக உட்காராத போர்டு, கிள்ளுப்பட்ட கம்பி, அல்லது சால்டர் பாலம்.

பல்பு மங்கியதும் ரிசீவரை நேரடியாக மின்வலையில் மாட்டி, ரிலே ‘டிக்’ என்றபின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல நிலை. 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்காமல் காரணத்தைத் தேடுங்கள். எல்லாம் சரியென்றால் முதலில் இழந்தால் கவலைப்படாத ஒரு பழைய ஸ்பீக்கர் ஜோடி. முன்பு எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு கண்ட்ரோலையும் அதே வரிசையில் அசைத்துக் கேளுங்கள். குமிழ்களை அதன்பிறகு மாட்டினால் போதும். தாளில் ஏதாவது ஒன்று அடிபடாமல் மிஞ்சியிருந்தால் மறுபடி கழற்றும் வேலை மிச்சம்.